அட்டைக் கப்பலும் ஆறடி மனிதரும்

1961 ஆகஸ்ட் மாதத்தில் செல்மர் குவாம் என்ற விவசாயி ஸ்லெட்டன் ஏரியின் அடியில், அட்டையால் செய்த ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குள் பத்தொன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மேலே வந்தபோது அவருடைய சட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அந்த வாரம் மழை சுமாராகப் பெய்தது, சோளம் புஷல் ஒரு டாலர் ஐந்து சென்ட்டுக்குப் போனது, லியன் வீட்டுப் பசு இரட்டைக் கன்று போட்டது. ஊரில் இவை இந்த வரிசையில்தான் பேசப்பட்டன: முதலில் மழை, பிறகு சோளம், பிறகு கன்றுகள். செல்மரைப் பற்றி அவருடைய மனைவி ஆர்டிஸிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை.

ஸ்லெட்டன், மினசோட்டா மாநிலத்தில் நார்வேக்காரர்கள் வந்து குடியேறிய ஊர். அங்கே ஒருவரிடம் காபி வேண்டுமா என்று கேட்டால் இரண்டு தடவை வேண்டாம் என்பார். மூன்றாவது தடவை, "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா அரைக் கோப்பை" என்பார். வீட்டுக்காரர் முழுக் கோப்பை ஊற்றுவார். தட்டில் இருக்கும் கடைசித் துண்டு கேக்கை யாரும் எடுக்க மாட்டார்கள். அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுப்பார்கள். அடுத்தவர் மீதியில் பாதியை எடுப்பார். இப்படியே போய், தேவாலயக் கூட்டம் முடியும்போது தட்டில் ஊசிமுனை அளவு ஒரு துகள் இருக்கும். அதையும் தாளில் சுற்றி யாராவது ஒருவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். நல்லதோ கெட்டதோ, எதற்கும் அவர்களிடம் ஒரே சொல்தான் இருந்தது. பரவாயில்லை. ஒரு குளிர்காலத்தில் ஹாகன் வீட்டுக் களஞ்சியம் எரிந்து சாம்பலானபோது போதகர் எஸ்ட்பி விசாரிக்கப் போனார். "பரவாயில்லீங்க ஐயா. குளிருக்கு இதமா இருந்துச்சு" என்றார் ஹாகன்.

இப்படிப்பட்ட ஊருக்கு, போர் முடிந்த பிறகான வருடங்களில், காமிக்ஸ் புத்தகங்களின் கடைசிப் பக்க விளம்பரங்கள் வந்து சேர்ந்தன. சுவருக்கு அப்பால் இருப்பதைக் காட்டும் மூக்குக் கண்ணாடி. சொன்னபடி கேட்கும் ஏழடிப் பேய். நூறு போர்வீரர்கள், அவர்கள் தங்குவதற்குப் பெட்டியோடு. கூப்பனை வெட்டி, காசைத் தாளில் ஒட்டி, நியூயார்க்கில் ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பிவிட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். வருவது என்ன என்பது நாடு முழுவதும் குழந்தைகளுக்குத் தெரியும். கண்ணாடி என்பது அட்டைச் சட்டத்துக்குள் ஒட்டிய கோழி இறகு. பேய் என்பது ஒரு பலூன், ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தாள், கொஞ்சம் நூல். போர்வீரர்கள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவர்கள். பக்கவாட்டில் திருப்பினால் காணாமல் போகிற அளவுக்குத் தட்டை. மற்ற ஊர்களில் குழந்தைகள் அழுதார்கள், உதைத்தார்கள், அத்தோடு விஷயம் முடிந்தது. ஸ்லெட்டனில் குழந்தைகள் பொட்டலத்தைப் பிரித்தார்கள், கொஞ்ச நேரம் பார்த்தார்கள், தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரவாயில்ல" என்றார்கள்.

இதை அந்தப் பொருள்களால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் குப்பையாகவே இருந்துவிட்டுப் போயிருக்கும். மரியாதையாக அலமாரியில் வைக்கப்பட்ட பிறகு அவற்றால் சும்மா இருக்க முடியவில்லை. லியன் வீட்டுப் பையனின் கண்ணாடி, வந்த ஐந்தாம் வாரம், வேகவைத்த கோழிக்குள் இருந்த எலும்பைக் காட்டியது. அடுத்த வருடத்துக்குள் ஊர் மருத்துவர் அதை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கால் முறிவுகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஹாகன் வீட்டுப் போர்வீரர்கள் உருளைக்கிழங்குப் பாத்தியைச் சுற்றிக் காவல் நின்றார்கள். அந்தக் கோடையில் அந்தப் பாத்திக்கு மட்டும் வண்டுத் தொல்லை இல்லை. பேய் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நின்று மாதர் சங்கத்துக்கு மேசை விரிப்புகளை மடித்துக் கொடுத்தது. ஏழடி இருந்ததால் மேல் அலமாரிக்கு வசதியாக இருந்தது. இதற்குக் காரணம் வெட்கம் என்றார் போதகர் எஸ்ட்பி. அதைப் பிரசங்கத்தில் சொல்லவில்லை, காபி நேரத்தில் சொன்னார்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. சிகாகோவிலிருந்து விருந்துக்கு வந்த ஹாகனின் மைத்துனி பாத்தி ஓரமாகக் குனிந்து பார்த்து, "என்ன இது, சீவிப்போட்ட பிளாஸ்டிக் மாதிரி இருக்கு? நல்லா ஏமாத்திட்டானுங்க" என்று உரக்கச் சொன்னாள். நூறு வீரர்களும் நின்ற இடத்திலேயே சாய்ந்தார்கள். மறுநாள் காலை வண்டுகள் வந்தன. அதற்குப் பிறகு ஊரில் யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சொல்லாமல் இருப்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆர்டிஸுக்கு இந்தச் சங்கதி பொம்மைகள் வருவதற்கு முன்பே புரிந்திருந்தது, ஏனென்றால் அவள் கணவரே விளம்பரத்தைப் பார்த்துக் கிடைத்தவர். 1947-இல் அவள் வடக்கு டகோட்டாவில் அறுவடை ஆட்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நார்வே மொழி வாரப் பத்திரிகை ஒன்றில் நான்கு வரி பார்த்தாள்: மணமகள் தேடும் விவசாயி, ஆறடி உயரம், நூற்றறுபது ஏக்கர், அக்கார்டியன் இனிமையாக வாசிப்பார், சாது. உண்மையில் செல்மர் கொடுத்தனுப்பியது விவசாயி, சாது என்ற இரண்டு விவரங்களை மட்டும்தான். அச்சகத்தில் வேலை பார்த்த ஒன்றுவிட்ட அண்ணன், குறைந்தபட்சம் நான்கு வரி வேண்டும் என்பதால் மீதியைத் தானே நிரப்பினான். ஆர்டிஸின் பதில் வந்த பிறகுதான் செல்மருக்குத் தன் உயரம் தெரியவந்தது. முன்பின் தெரியாத பெண்ணைத் திருத்துவது மரியாதை அல்ல என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

அக்டோபர் மாதத்துக் காற்றில் ஆர்டிஸ் ரயிலிலிருந்து இறங்கி, நடைமேடையில் ஆறடி மனிதரைத் தேடினாள். கொஞ்ச நேரம் செல்மரின் தொப்பிக்கு மேலாகவே தேடினாள். அவர் ஐந்தடி ஆறு அங்குலம். அவளைவிடவும் இரண்டு அங்குலம் குறைவு. நிலம் எண்பது ஏக்கர், அதில் கால்வாசி சதுப்பு. அக்கார்டியனை அவர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டே, "பயணமெல்லாம் எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டார். "பரவாயில்லீங்க" என்றாள் ஆர்டிஸ். அது பயணத்தைப் பற்றிய பதில் அல்ல என்று இருவருக்கும் தெரிந்தது.

அந்தக் குளிர்காலம் முடிந்து வசந்தம் வந்தபோது செல்மரின் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. இருபத்தெட்டு வயதுக்கு மேல் ஒருவர் வளர்வது வழக்கமில்லை. ஆர்டிஸ் மடிப்பைப் பிரித்து அரை அங்குலம் இறக்கித் தைத்தாள். அடுத்த வசந்தத்திலும் அரை அங்குலம். அதற்கடுத்த வசந்தத்திலும். அவர் முக்காலிமேல் ஏறி நின்று சுவரைப் பார்ப்பார். அவள் வாயில் குண்டூசிகளோடு தரையில் மண்டியிட்டிருப்பாள். வாயில் ஊசி இருந்ததால் பேசாமல் இருப்பது இருவருக்கும் சௌகரியமாக இருந்தது. நிலமும் வளர்ந்தது. சதுப்பு வற்றியது, வேலி கொஞ்சம் கொஞ்சமாக அப்பால் போனது. பக்கத்து நிலக்காரரான ஹாகனுக்குத் தன் பக்கத்தில் ஒரு சாண்கூடக் குறையாததால் அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாவட்ட சர்வேயர் வந்து இரண்டு தடவை அளந்தார், நூற்றறுபது வந்தது, சாப்பிடப் போய்விட்டார். 1959-இல் செல்மர் சரியாக ஆறடியில் நின்றார். அக்கார்டியனும் அதற்குள் நன்றாகவே வாசித்தார், கல்யாணங்களுக்குக் கூப்பிட்டார்கள்.

ஒவ்வொரு வசந்தத்திலும் மடிப்பை இறக்கும்போது ஆர்டிஸுக்கு அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த முதல் விஷயத்தைச் சொல்ல ஸ்லெட்டனில் வழி கிடையாது. அப்படிச் சொன்னால் அவர் ஹாகன் வீட்டு வீரர்களைப்போலச் சாய்ந்துவிடுவாரோ என்ற பயமும் அவளுக்கு இருந்தது. அவர் ஒவ்வொரு அரை அங்குலத்தையும், அவள் இன்னும் ஏமாற்றத்தில்தான் இருக்கிறாள் என்பதற்கான சாட்சியாக எடுத்துக்கொண்டார். அவளுக்கு அது தெரியும். தெரிந்தே தைத்தாள்.

அவர்களுடைய மகள் லவோனுக்கு அந்த வருடம் பதினோரு வயது. நிலத்தைத் தோண்டும் எலிகளைப் பிடித்துக்கொடுத்தால் மாவட்டத்தில் காசு கொடுப்பார்கள். லவோன் வசந்தம் முழுக்க எலி பிடித்து, ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குப் பணம் அனுப்பினாள். இரண்டு பேர் உட்காரலாம், பெரிஸ்கோப் உண்டு, வேலை செய்யும் கருவிகள் உண்டு, குண்டு பாயும் என்று விளம்பரத்தில் இருந்தது. படத்தில் இரண்டு பையன்கள் சிரித்துக்கொண்டு கடலுக்குள் இருந்தார்கள். ஜூன் மாதம் தபால்காரர் தட்டையான ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். உள்ளே இருந்தது மடித்த அட்டை. பிரித்து, ஓரத்துக் காதுகளைத் துளைகளில் செருகினால் சவப்பெட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு வடிவம் வந்தது. கருவிகள் உள்பக்கம் அச்சடிக்கப்பட்டிருந்தன. குண்டு ரப்பர் பேண்டில் பாய்ந்தது. லவோன் அதை வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"பரவாயில்லப்பா" என்றாள்.

அந்தக் குரல் செல்மருக்குத் தெரிந்த குரல். பதினான்கு வருடத்துக்கு முன்னால் ரயிலடியில் கேட்டது. அவர் முகம் சிவந்து, பால் கறக்கும் நேரம் ஆகாமலே தொழுவத்துக்குப் போய்விட்டதை ஆர்டிஸ் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

கப்பலைக் களஞ்சியத்தில் வைத்தார்கள். ஜூலை நடுவில் அதன் உள்ளே அச்சடித்த முட்கள் அசையத் தொடங்கின. மாத முடிவில் லவோனும் லியன் வீட்டுப் பெண்ணும் அதைத் தலைச்சுமையாக ஏரிக்கு எடுத்துப் போய் மூழ்கினார்கள். இரவுச் சாப்பாட்டுக்குத் தவறாமல் திரும்பினார்கள். தாய்மார்களுக்குக் கவலை இருந்தது, ஆனால் கேட்டால் பரவாயில்லை என்றார்கள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு செல்மர், தானும் ஒரு சுற்றுப் போய்வரட்டுமா என்று மகளிடம் கேட்டார். விளம்பரத்தில் சொன்னதுபோலவே ஆகிவிட்ட ஒரு பொருள் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க அவருக்கு வெகுநாளாக ஆசை இருந்திருக்க வேண்டும். ஆறடி உடம்பை மடித்து, முழங்காலை மோவாயில் முட்டி, மூடியைச் சாத்திக்கொண்டார். கப்பல் இறங்கியது. மேலே வரவில்லை.

பெரிஸ்கோப் மட்டும் ஏரி நடுவில் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. நீர்மட்டத்துக்கு மேலே பார்க்கலாம் என்று விளம்பரம் சொல்லியிருந்ததால் குழாய் தேவையான அளவுக்கு நீண்டிருந்தது. காற்று தீர்ந்துபோகும் என்று விளம்பரத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எனவே காற்று தீரவில்லை. ஆர்டிஸ் படகை வலித்துப் போய்க் குழாயில் வாயை வைத்துக் கேட்டாள்.

"என்னங்க, அங்க எப்படி இருக்கு?"

"பரவாயில்ல" என்றது குழாய்.

"மேல வரலையா?"

"வரலாம். மேல வர்ற நெம்புகோல் என் முட்டிக்குக் கீழ மாட்டிக்கிச்சு. நகர இடமில்ல. நீங்க வீட்டுக்குப் போங்க, பனி விழும்."

"காபி வேணுமா?"

"வேண்டாம்."

"கொஞ்சம்?"

"வேண்டாங்க, சிரமம்."

"கொண்டாந்துட்டேன்."

"அப்போ அரைக் கோப்பை."

அவள் முழுக் கோப்பையும் குழாயில் ஊற்றினாள். இருட்டுவதற்குள் ஊர் முழுக்கக் கரைக்கு வந்துவிட்டது. ஒவ்வொருவரும் கையில் மூடிய பாத்திரத்தோடு வந்தார்கள். மாதர் சங்கத் தலைவி மிர்டல் லியன் மேசைகளைப் போடவைத்தாள். பேய் விரிப்புகளை விரித்தது. ஆலோசனை நடந்தது.

"டிராக்டரைக் கொண்டாந்து, சங்கிலி போட்டு இழுத்துடலாமே" என்றார் ஹாகன்.

"இழுக்கலாம்" என்றார் போதகர். "ஆனா சங்கிலி போட்டு இழுத்தா, அது..."

"ஆமா. அது."

"இரும்புன்னா பரவாயில்ல."

"அதான். இரும்புன்னா."

எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சு எந்தப் பக்கமும் போக முடியவில்லை. கப்பல் எதனால் செய்யப்பட்டது என்பதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் ஏரி அதைக் கேட்டுக்கொள்ளும், அப்புறம் செல்மர் தண்ணீரின் அடியில் ஊறிய ஒரு பெட்டிக்குள் இருப்பார். இது எல்லோருக்கும் தெரியும். அதனால் இரவு முழுக்க வானிலையைப் பற்றிப் பேசினார்கள். ஆர்டிஸ் படகுத்துறையில் உட்கார்ந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லவோன் அவள் மடியில் தலைவைத்துத் தூங்கினாள்.

மறுநாள் ஞாயிறு. போதகர் ஆராதனையைக் கரைக்கே மாற்றிக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்து ஊர் ஜெர்மானியர்கள் மீன் பிடிக்க வருவார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள், ஆனால் மனதில் பட்டதைச் சொல்பவர்கள். பத்தரை மணிக்கே அலோயிஸ் என்ற ஒருவர் தூண்டிலோடு வந்துவிட்டார். கரையில் இருந்த கூட்டத்தைப் பார்த்தார், ஏரி நடுவில் இருந்த குழாயைப் பார்த்தார்.

"அது என்னம்மா தண்ணிக்குள்ள? பாக்குறதுக்கு அட்..."

மிர்டல் லியன் சூடான லெஃப்ஸா ரொட்டி ஒன்றைச் சுருட்டி அவர் வாயில் வைத்தாள். "இன்னொண்ணு வேணுமா?"

"வேணும்" என்றார் அலோயிஸ்.

முதல் தடவையிலேயே வேணும் என்று ஒருவர் சொல்வதை மிர்டல் அதுவரை கேட்டதில்லை. பிறகு ஆறு பெண்கள் ஆறு பாத்திரங்களோடு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். வாயில் மென்றுகொண்டே அவர் நல்ல செய்தியும் சொன்னார்: "நான் முன்னாடி வந்துட்டேன். பின்னால இருபது பேர் வண்டியில வராங்க. எல்லாருக்கும் பசிக்கும்."

ஆர்டிஸ் பாத்திரங்களை எண்ணிப் பார்த்தாள். இருபது வாய்க்குப் போதாது. எழுந்து படகில் ஏறினாள். லவோன், "நானும் வரேம்மா" என்றாள். "நீ இங்க இரு. அம்மாவுக்கு அப்பாகிட்ட ஒண்ணு பேசணும்" என்றாள் ஆர்டிஸ். அந்த வீட்டில் இப்படி ஒரு வாக்கியம் அதுவரை சொல்லப்பட்டதில்லை. பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

காற்று இல்லாத காலையில் ஏரிமேல் பேசினால் ஒவ்வொரு சொல்லும் கரைக்குக் கேட்கும். ஊர் அதை அறிந்து ஒட்டுமொத்தமாகத் திரும்பி மரங்களைப் பார்த்து நின்றது. அலோயிஸையும் திருப்பி நிறுத்தினார்கள்.

"என்னங்க."

"சொல்லுங்க" என்றது குழாய்.

"நெம்புகோலை எடுக்க எவ்வளவு இடம் வேணும்?"

குழாய் யோசித்தது. "ஆறு அங்குலம் இருந்தா போதும்."

ஆர்டிஸ் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த ஆறு அங்குலமும் எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் அவளுக்குத்தான் தெரியும். அத்தனையும் அவள் கையால் இறக்கித் தைத்தது. இறக்கியதை எப்படி ஏற்றுவது என்பதும் தெரியும். ஆனால் சொல்லுகிற சொல் குழாய் வழியாகப் போகிறது. போகிற வழியில் குழாய் அதைத் தன்னைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. அவள் முதலில் குழாயின் பக்கவாட்டில் கையை வைத்து, குதிரையைத் தட்டுவதுபோல இரண்டு தடவை தட்டினாள்.

"இந்தக் கப்பல் நல்ல கப்பல்" என்றாள் உரக்க. "இதுல ஒரு குறையும் இல்ல. நான் இப்போ சொல்லப்போறது கப்பலைப் பத்தி இல்ல."

"ஆர்டிஸ், வேண்டாம்" என்றது குழாய். அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது.

"உங்களைப் பத்தித்தான். அன்னிக்கு ரயில்லேருந்து இறங்கினப்போ, உங்களைப் பார்த்து, எனக்கு ஏமாற்றமா இருந்துச்சு."

கரையில் யாரோ பாத்திரத்தின் மூடியைத் தவறவிட்டார்கள். அது கல்மேல் வெகுநேரம் சுழன்று நின்றது. பிறகு குழாயில் நனைந்த கம்பளி சுருங்குவதுபோல ஒரு சத்தம் வந்தது, அதற்குப் பிறகு ஒரு பெருமூச்சு, அதற்குப் பிறகு நெம்புகோல் நகரும் சத்தம். பதினொன்று அடித்தபோது கப்பல் மேலே வந்தது. அதன் பக்கங்களில் தண்ணீர் வாத்து முதுகில் ஓடுவதுபோல வழிந்து ஓடியது.

செல்மர் படகுத்துறையில் இறங்கினார். ஐந்தடி ஆறு அங்குலம். கால்சட்டை இரண்டு செருப்புகளையும் மூடித் தரையில் புரண்டது. சட்டைக்கைகளுக்குள் விரல்கள் தெரியவில்லை. ஊர் வானத்தைப் பார்த்தது. "மழை வரும்போல" என்றார் ஹாகன். "வந்தா நல்லதுதான்" என்றார் போதகர். லவோன் மட்டும் குனிந்து அப்பாவின் கால்சட்டையை ஒழுங்காக மடித்துவிட்டாள். ஜெர்மானியர்களின் வண்டி வந்தபோது கப்பல் களஞ்சியத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மிச்சமிருந்த சாப்பாட்டை அவர்கள் சாப்பிட்டார்கள், கடைசித் துண்டு உட்பட.

அன்று மாலைக்குள் சதுப்பு பழைய இடத்துக்கு வந்துவிட்டது, வேலியும். நிலம் எண்பது ஏக்கர். ஆனால் நூற்றறுபது ஏக்கர் சோளமும் அதில்தான் நின்றது, தோளோடு தோள் உரசிக்கொண்டு, நடுவில் நாய் நுழைய இடமில்லாமல். அந்த இலையுதிர் காலத்தில் அறுவடை செய்யக் கஷ்டமாக இருந்தது, ஆனால் ஒரு கதிர்கூடக் குறையவில்லை. கப்பல் அதற்குப் பிறகு ஏழு கோடைகள் ஓடியது. லவோன் கல்லூரிக்குப் போன வருடம் மீன்வளத் துறையினர் ஏரியின் ஆழத்தை அளக்க அதை இரவல் கேட்டார்கள், கொடுத்து வாங்கினார்கள். செல்மர் மறுபடி வளரவில்லை. அக்கார்டியன் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. அது வெட்கத்தில் வந்ததல்ல, உட்கார்ந்து பழகி வந்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவை எதுவும் இன்னும் தெரியாது. லவோன் கோழிகளை அடைக்கப் போயிருந்தாள். செல்மர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். மேசை அவருக்கு உயரமாகிவிட்டிருந்தது. தட்டில் போட்டதைச் சாப்பிட்டார், பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை. ஆர்டிஸ் அடுப்பிலிருந்து பாத்திரத்தை எடுத்தாள்.

"காபி?"

"ஊத்துங்க" என்றார் அவர். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக, முதல் தடவையிலேயே. மறுத்துப் பார்க்கத் தெம்பில்லை. அவள் ஊற்றும்போது கோப்பையைப் பார்த்தபடியே கேட்டார்:

"பதினாலு வருஷமுமாங்க?"

"எது?"

"நீங்க அங்க சொன்னது. ஏமாற்றம்."

ஆர்டிஸ் காபிப் பாத்திரத்தைத் திரும்ப அடுப்பில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். முதல் விஷயத்தை ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லியாகிவிட்டது. இனி இரண்டாவது விஷயத்துக்கு வழி திறந்திருந்தது.

"ஒன்பது நாள்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன்பதாவது நாள் சாயங்காலம் நீங்க யார்கிட்டயோ ஒரு அக்கார்டியனை இரவல் வாங்கிட்டு வந்து, தொழுவத்துல கதவைச் சாத்திக்கிட்டுப் பழகினீங்க. நான் பால் வாளியோட வெளியில நின்னேன்."

"கேட்டுச்சா?"

"மாடு ரெண்டு நாள் பால் குடுக்கல."

"அவ்வளவு மோசமாவா?"

பரவாயில்லை என்ற சொல் வாய்வரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். "ரொம்ப மோசம். வாளியைக் கீழ வெச்சுட்டு, ஏப்ரன் நுனியை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அத்தோட போயிடுச்சுங்க. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட எனக்கு ஏமாற்றம் இல்ல. நீங்க வளர்ந்ததெல்லாம் வீண்." அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள், கேட்காமலே. "அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். தைக்கிற வேலையாவது மிச்சமாயிருக்கும்."